குடிக்கறவனை மட்டும் திட்டாதீங்க, கடை எத்தனைன்னு எண்ணுங்க

"அந்த ஏரியாக்காரங்களே அப்படித்தான், குடிச்சிட்டு வெட்டிக்குவாங்க". யார் இதை சொன்னாலும் எனக்கு சுருக்குன்னு இருக்கும். சொல்றவங்க அந்த ஏரியால எத்தனை மதுக்கடை இருக்கு, எத்தனை மணி வரைக்கும் தொறந்திருக்குன்னு ஒரு நாளாவது பாத்திருப்பாங்களா?

பிரிட்டன்ல பண்ண ஆராய்ச்சி எல்லாம் பாத்தா, ஏழைங்க சராசரியா வசதியானவங்களை விட அதிகமா ஒண்ணும் குடிக்கறதில்ல, ஆனா குடியால வர்ற சாவும் அடிதடியும் அவங்க பக்கம்தான் அதிகம். ஸ்காட்லாந்துல ஏழைங்க இருக்கற பகுதிகள்லதான் மதுக்கடைங்க நெருக்கமா இருக்கு. வாடகை கம்மி, எதிர்த்து மனு போட்டு அலைய அங்க இருக்கறவங்களுக்கு நேரமும் கிடையாது வக்கீலும் கிடையாது, வசதியான தெருவுல ஒரு கடை வரப்போகுதுன்னா லைசென்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே நாலு பேர் போய் தடுத்துடுவாங்க, இங்க தொறந்த அப்புறம்தான் விஷயமே தெரியும்.

பிரேசில்ல சாவோ பாலோ பக்கத்துல டியாடெமான்னு ஒரு தொழிலாளர் ஊர் இருக்கு. 1990கள் கடைசில அந்த நாட்டுலயே கொலை ரொம்ப அதிகமா நடந்த ஊர்கள்ல அதுவும் ஒண்ணு. எப்ப நடக்குதுன்னு கணக்கெடுத்தா பாதிக்கு மேல ராத்திரி 11 மணில இருந்து விடியக்காலை 6 மணிக்குள்ள நடந்திருக்கு. 2002 ஜூலைல ஒரு சட்டம் போட்டாங்க, ராத்திரி 11 மணிக்கு மேல காலைல 6 மணி வரைக்கும் எங்கயும் மது விக்கக்கூடாது. குடிக்கவே கூடாதுன்னு சொல்லல, நேரத்தை மட்டும்தான் குறைச்சாங்க. அப்புறம் வந்த ஆய்வுல மாசத்துக்கு கிட்டத்தட்ட 9 கொலை கம்மியாச்சுன்னு கணக்கு போட்டிருந்தாங்க. மாசம் 9 பேர்ங்க! அவங்க எல்லாம் வீடு திரும்பி, தூங்கி எழுந்து, அடுத்த நாள் வேலைக்கு போயிருப்பாங்க.

இங்க மூடினா வேற இடத்துல போய் வாங்குவான்னு சிலர் சொல்வாங்க. சிலர் போவாங்கதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா நிறைய சண்டை ஒரே இடத்துல ஒரே நேரத்துல போதைல கூட்டம் சேர்றதால வர்றது, அந்த கூட்டமே சேரலைன்னா பாதி சண்டைக்கு வழியே இல்ல.

எனக்கு உறுத்தற இடம் வேற. பாருக்கு நேரம் வெக்கலாம், ஆனா பாட்டில் வாங்கிட்டு வீட்டுக்குள்ள போயிட்டா அங்க அடி வாங்கறது பொண்டாட்டியும் புள்ளைங்களும், அதை தெருவுல யாரும் பாக்கறதில்ல, நிறைய பேர் புகார் கொடுக்கறதும் இல்ல. அதனாலதான் எடுத்துட்டு போற கடைங்களோட எண்ணிக்கையும் முக்கியம்னு நான் நினைக்கறேன்.

லாஸ் ஏஞ்சல்ஸ்ல 1992 கலவரத்துல சவுத் சென்ட்ரல் பக்கம் நிறைய மதுக்கடை எரிஞ்சு போச்சு. பழையபடி கட்ட வந்தப்போ அங்க குடியிருந்த ஜனங்களே, இந்த கடைங்க மறுபடி வேண்டாம்னு கம்யூனிட்டி கோஅலிஷன்ங்கற அமைப்போட சேர்ந்து கையெழுத்து வாங்கி, விசாரணைக்கு விசாரணை போய் நின்னாங்க. பல கடை திரும்ப வரவே இல்ல. "அந்த ஏரியாக்காரங்க"ன்னு சொல்றோமே, போய் நின்னது அவங்கதான்.