ஆலங்கட்டிக்குத் தாங்கும், பனம்பழத்துக்குத் தாங்குமா?

ஆவணி மாதம் திசையன்விளை, உவரி பக்கம் மாடியில் சோலார் பேனல் உடைந்துவிட்டதென்று அழைப்பு வந்தால், மாடியில் ஏறியதும் முதலில் தேட வேண்டியது பனம்பழத்தைத்தான். பேனலுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே உருண்டு கிடக்கும். கண்ணாடியில் மஞ்சள் நார் ஒட்டியிருக்கும். பழம் இல்லையென்றால் காய்ந்த மட்டை, தேங்காய், பக்கத்து வீட்டிலிருந்து பறந்து வந்த தகரம், கார்க் பந்து. குவாரிப் பக்கமென்றால் வெடியில் தெறித்த கல். ஆலங்கட்டி மழை இந்தப் பக்கம் அபூர்வம். பேனல் விற்கும்போது காட்டப்படுவது என்னவோ ஆலங்கட்டிச் சோதனைச் சான்றிதழ்தான்.

அந்தச் சோதனை, சோலார் பேனலுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 61215-இல் வருவது. வழக்கமான அளவு: 25 மி.மீ. விட்டமுள்ள, ஏழரை கிராம் எடையுள்ள பனிக்கட்டி உருண்டை. வேகம் நொடிக்கு 23 மீட்டர். பேனலில் 11 இடங்களில் அடிப்பார்கள். ஒவ்வொரு அடியின் ஆற்றலும் சுமார் 2 ஜூல். ஒரு கிலோ பனம்பழம் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் 147 ஜூல். எழுபது மடங்குக்கு மேல். மாங்காய்க்கு எறிந்த 50 கிராம் கல் பத்து மீட்டர் உயரம் போய் இறங்கினால் 5 ஜூல்தான், ஆனால் கல்லுக்கு முனை உண்டு. பனிக்கட்டி மோதியதும் தானே நொறுங்கி, அடியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கல் நொறுங்காது, மொத்த அடியும் ஒரு புள்ளியில் இறங்கும். சான்றிதழில் பொய் ஏதுமில்லை, நம் ஊர் மரங்களைப் பற்றி அது பேசவில்லை, அவ்வளவுதான்.

சாய்வும் நமக்குச் சாதகமில்லை. நெல்லை ஏறத்தாழ 8.7 டிகிரி வடக்கே இருப்பதால் பேனலைத் தெற்குப் பார்த்து 10 டிகிரி போலத்தான் சாய்த்து வைக்கிறோம். மேலிருந்து விழுவது எதுவும் வழுக்கிப் போகாமல் நேராகவே அறையும்.

ஒரே கண்ணாடியுள்ள பேனலில் முன்பக்கம் 3.2 மி.மீ. டெம்பர்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடி. ஒரு இடத்தில் அடி ஊடுருவினால் பலகை முழுக்கச் சிலந்தி வலைபோல் நொறுங்கும். உள்ளே ஒட்டியிருக்கும் இவிஏ என்ற பிளாஸ்டிக் படலம் பிடித்துக்கொள்வதால் துண்டுகள் உதிராது. வெடிப்புக் கோடுகள் எங்கே கூடுகின்றன என்று பார்த்தால், வெள்ளையாகப் பொடிந்த ஒரு குழி தெரியும். அடி விழுந்த இடம் அதுதான். குழியே இல்லாமல், பேனலை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் பக்கத்திலிருந்து வெடிப்பு கிளம்பியிருந்தால் பனையைத் திட்டாதீர்கள். போல்ட்டை மிதமிஞ்சி முறுக்கியவரைக் கேளுங்கள். எம்8 போல்ட்டுக்குப் பேனல் கையேட்டில் டார்க் (முறுக்கு விசை) அளவு போட்டிருக்கும், பெரும்பாலும் 16 முதல் 20 நியூட்டன் மீட்டருக்குள். இரண்டு பக்கமும் கண்ணாடியுள்ள பைஃபேஷியல் பேனல்களில் 2 மி.மீ. கண்ணாடி. அது பொடியாகாது, நீளநீளமாகக் கீறல் ஓடும். தூரத்திலிருந்து பார்த்தால் தலைமுடி ஒட்டியிருப்பதுபோல் இருப்பதால் பல மாதம் கவனிக்காமலே போகும்.

உடைந்த பேனலைக் காட்டியதும் வீட்டுக்காரர் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, கரண்டு வருதுல்லா? கெடக்கட்டுமே." வரும்தான். முதல் சில வாரம் யூனிட்டில் பெரிய வித்தியாசமே தெரியாது. பிறகு கண்ணாடி விரிசல் வழியே ஈரம் இறங்கும். கார்த்திகை, மார்கழியில் பனி விழுந்த காலையில், பேனலின் டிசி கரண்டை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர் 'இன்சுலேஷன் ஃபால்ட்' (மின்காப்புக் கோளாறு) என்று நின்றுவிடும். ஒன்பது மணி வெயிலில் பேனல் காய்ந்ததும் தானே ஓடத் தொடங்கும். இன்வெர்ட்டர் கோளாறென்று அதைக் கழற்றி சர்வீசுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. காலையில் நின்று வெயிலேறியதும் ஓடினால் மேலே ஏறிப் பேனலையும் கேபிளையும் பாருங்கள். சிலிக்கோன் பூசுவது, தெளிவான டேப் ஒட்டுவதெல்லாம் மாற்றுப் பேனல் வரும்வரைக்குத்தான்.

இதைவிடத் தொல்லை, கண்ணாடி உடையாமல், உள்ளே கரண்டு உண்டாக்கும் செல் மட்டும் கீறுவது. பேனல்மேல் ஏறி நடந்து கழுவுவது, பின்பக்க ஷீட்டில் கம்பி இடிப்பது, மட்டை விழுந்தும் கண்ணாடி தப்பியது, எல்லாம் இதில் சேரும். மீட்டரில் வோல்ட் பார்த்தால் பிடிபடாது. 540 வாட் பேனலுக்கு ஏட்டில் 49 வோல்ட், நம் வெயில் சூட்டில் 44 போல. கீறல் விழுந்த செல் உள்ள பேனலிலும் அதே 44 காட்டும். மூன்றில் ஒரு பகுதி மொத்தமாகப் போயிருந்தால்தான் 30 போல இறங்கும். நல்ல வெயிலில், இன்வெர்ட்டர் ஓடும்போதே தெர்மல் கேமராவில் பார்த்தால், கீறலால் துண்டிக்கப்பட்ட செல் மற்றவற்றைவிடச் சூடாகத் தெரிய வாய்ப்புண்டு. செல்லில் கரண்டைச் சேர்க்கும் கோடுகளான பஸ்பார் மூன்று, நான்கு மட்டுமே உள்ள பழைய பேனல்களில் கீறல் பெரிய துண்டையே பிரித்துவிடும். ஒன்பது, பத்து பஸ்பார் உள்ள புதியவை கொஞ்சம் தாங்கும்.

மாற்றும்போது வரிசை தவறக்கூடாது. இன்வெர்ட்டரின் ஏசி பிரேக்கரை அணைத்து, பேனல் பக்கத்து சுவிட்சான டிசி ஐசொலேட்டரைத் திருப்பி, கிளாம்ப் மீட்டரில் ஸ்ட்ரிங் (தொடராக இணைத்த பேனல் வரிசை) ஆம்பியர் பூஜ்யமா என்று பார்த்த பிறகுதான் பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரில் கை வைக்க வேண்டும். லோடில் பிடுங்கினால் பொறி அணையாமல் நின்று எரியும். ஆறு பேனல் ஸ்ட்ரிங்கில் 300 வோல்ட் வரை இருக்கும். கண்ணாடிமேல் தார்ப்பாய் போட்டு, உலர்ந்த மின்காப்புக் கையுறையோடு, இரண்டு பேராக ஃபிரேமைப் பிடித்துத் தூக்குங்கள். 27 கிலோ போல இருக்கும். நொறுங்கிய கண்ணாடிக்கு விறைப்பு போய்விடுவதால் நடுவில் தொய்யும்.

புதிதாகப் போடுவதில்தான் தலைவலி. பழைய 335 வாட் பேனல் சுமார் 9 ஆம்பியர், இப்போது கடையில் கிடைப்பது 13. தொடரில் சேர்த்தால் புதியதும் 9-க்குள் அடங்கிப் போகும். நீள அகலமும் ஃபிரேம் தடிமனும் வேறு என்பதால் பேனலைத் தாங்கும் ரெயிலும் கிளாம்பும் பொருந்தாது. முதலிலேயே அதே மாடலில் ஒன்று கூடுதலாக வாங்கிச் சுவரோரம் நிமிர்த்தி வைப்பது செலவுக்குத் தகும். வெளியடிக்கு வாரண்டி கிடையாது. வீட்டுக் காப்பீட்டில் பேனலைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாலிசியில் பார்க்கவும்.

ஆடிக்காற்று மேற்கிலிருந்து வரும். ஆகவே பேனலுக்கு மேற்கே நிற்கும் பனையின் காவோலையை ஆனி முடிவதற்குள் கழித்துவிட வேண்டும். ஏறுவதற்கு ஆள் கிடைப்பதுதான் இப்போது பாடு. வலை கட்டுவதென்றால் பேனலில் நிழல் விழாதபடி மேற்குப் பக்கம் நிறுத்தி மட்டும் கட்டுங்கள்.

கழற்றிய பேனல் பெரும்பாலும் கோழிக்கூண்டுக்கோ தொழுவத்துக்கோ கூரையாகப் போகிறது. வெயில் பட்டால் அதிலும் 40 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். இரண்டு வயர் நுனியையும் தனித்தனியே டேப் சுற்றி, கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். கூரையாகப் போட்டால் உதிரும் கண்ணாடித் தூள் தீவனத் தொட்டியில்தான் விழும்.