சமையலறை வரை வரட்டும் திருவழிபாட்டு ஆண்டு

பங்குக் கோயிலில் தரும் நாட்காட்டியை ஆணியில் மாட்டிவிட்டு, பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் வந்த தேதியும் குறிக்க மட்டும் வைத்திருக்கிற வீடுகள்தான் நம்மிடம் அதிகம். தேதிக்குக் கீழே, அன்று திருச்சபை எதைக் கொண்டாடுகிறது என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெருவிழா, விழா, நினைவு, விருப்ப நினைவு: ஒரு நாளுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதை இந்தச் சொற்களே சொல்லிவிடும். பெருவிழா என்றால் பாயசம் வைக்கலாம். விருப்ப நினைவுக்கு மாலைச் செபத்தில் அந்தப் புனிதர் பெயரைச் சொன்னாலே போதும். எல்லாப் புனிதருக்கும் எல்லாம் செய்யக் கிளம்புகிறவர்கள் இரண்டு மாதத்தில் களைத்துப்போய் மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். காலத்துக்கு ஒரு பொருள், ஒரு பழக்கம் என்று வைத்துக்கொண்டால் வருடம் முழுக்கத் தாங்கும். கடவுள் கோயிலில் மட்டும் இருக்கிறவர் இல்லை என்பது கைக்கும் நாக்குக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

திருச்சபையின் இந்த வழிபாட்டு ஆண்டு தொடங்குவது, கிறிஸ்து பிறப்புக்குத் தயாராகும் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் எந்த ஞாயிறு வருகிறதோ அது. 2026-இல் நவம்பர் 29. சென்னையில் அது மழைக்காலம், மின்வெட்டுக்கென்று வாங்கிய மெழுகுவர்த்தி எப்படியும் வீட்டில் இருக்கும். ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் இரண்டு அங்குலம் மணல் நிரப்பி நான்கு மெழுகுவர்த்தி நடுங்கள்; ஞாயிறுக்கு ஒன்று கூடுதலாக ஏற்ற வேண்டும். ஊதா நிறம் கிடைக்கவில்லையென்றால் வெள்ளை மெழுகுவர்த்தியின் அடியில் மூன்றுக்கு ஊதா ரிப்பனும், மூன்றாம் ஞாயிறுக்கு உரியதற்கு மட்டும் ரோஸ் ரிப்பனும் கட்டுங்கள். சுற்றிலும் சவுக்குக் கொப்பு வைக்கலாம். ஆனால் சவுக்கு ஒரே வாரத்தில் காய்ந்துவிடும், காய்ந்தால் சட்டென்று தீப்பிடிக்கும். அதனால் ஞாயிறுதோறும் மாற்றுங்கள், சுடர் எட்டாத தூரத்தில் வையுங்கள். ஃபேனை நிறுத்தாமல் ஏற்றினால் மெழுகு ஒரு பக்கமாக வழிந்து பாதியிலேயே தீர்ந்துபோகும். இன்னொன்று: முதல் மெழுகுவர்த்தி நான்கு வாரமும் எரிகிறது. தினம் 10 நிமிடம் என்றாலே மொத்தம் நாலு மணி நேரத்துக்கு மேல் போகலாம். ஒல்லியானது கிறிஸ்துமஸ் வரை வராது. முதல் இரண்டையாவது தடிமனாக வாங்குங்கள்.

டிசம்பர் 17-லிருந்து திருப்பலியின் செபங்களும் வாசகங்களும் கிறிஸ்து பிறப்பை நேராக நோக்கித் திரும்புகின்றன. குடில் வைக்கச் சரியான நாள் அது. குழந்தை இயேசு சுரூபம் மட்டும் 24-ஆம் தேதி இரவு வரை அலமாரியிலேயே இருக்கட்டும். பரங்கிமலை உச்சியில் இருக்கும் கோயில் பேறுகாலத்தை எதிர்நோக்கியிருக்கும் மாதாவின் பெயரில் எழுந்தது. அந்தத் திருநாள் மரபுப்படி டிசம்பர் 18. கிறிஸ்துமஸ் ஷாப்பிங்குக்கு தி.நகர் போகிற வாரத்தில் ஒரு காலைப் பொழுதை அந்தப் படிகளுக்கு ஒதுக்கலாம். கேக்கையும் பாட்டையும் டிசம்பர் 1-ஆம் தேதியே தொடங்கிவிட்டால் 26-ஆம் தேதி அலுத்துவிடும். கிறிஸ்து பிறப்புக் காலமோ ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் அதிகம் குழப்பிக்கொள்வது சாப்பாட்டில். ஒருசந்தியும் சுத்தபோசனமும் ஒன்றல்ல. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் இரண்டும் சேர்ந்த நாட்கள். ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 நிறையும் வரை: ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சம், அந்த இரண்டும் சேர்ந்து ஒரு முழுச் சாப்பாட்டை எட்டக்கூடாது. காலையில் ஒரு இட்லி, மதியம் சாதம் குழம்பு, இரவில் ஒரு டம்ளர் கஞ்சி என்றால் கணக்கு சரி. சுத்தபோசனம் 14 வயதிலிருந்து. இறைச்சி கூடாது, மீன், முட்டை, பால் உண்டு. அதற்காக இரண்டு துண்டு வஞ்சிரம் வறுவல் வைத்துச் சாப்பிட்டால் சட்டம் மீறவில்லைதான், ஆனால் தவமும் நடக்கவில்லை. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் ஒருசந்தி இருக்க வேண்டியதில்லை. வேறு எதையாவது விட்டுக்கொடுக்கலாம். மிச்சமாகும் கறிக் காசை அன்றைக்கே தவக்கால உண்டியலில் போட்டுவிடுங்கள். கடைசியில் மொத்தமாகப் போடலாம் என்று வைத்தால் அது மளிகையில் கரைந்துவிடும்.

ஞாயிறுகளைக் கழித்தால்தான் தவக்காலம் 40 நாள் வரும். சேர்த்து எண்ணினால் திருநீற்றுப் புதன் முதல் பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின நாள் வரை 46. இயேசுவின் பாடுகளைத் தலம் தலமாகத் தியானிக்கும் சிலுவைப்பாதைக்கு வெள்ளி மாலை ஆபீஸிலிருந்து கோயிலுக்கு வர முடியாதவர்கள், வீட்டிலேயே நாளுக்கு இரண்டு தலம் என்று பிரித்துக்கொண்டால் ஒரே வாரத்தில் 14-ம் முடிந்துவிடும்.

குருத்து ஞாயிறில் கொண்டுவரும் குருத்தோலையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்காதீர்கள். கடற்கரை ஊரின் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும். சிலுவையாக மடித்து இரண்டு நாள் நிழலில் உலர்த்திய பிறகு பாடுபட்ட சுரூபத்தின் (இயேசு தொங்கும் சிலுவையின்) பின்னால் செருகுங்கள். அடுத்த ஆண்டு திருநீற்றுப் புதனுக்கு முன் பங்கில் கேட்கும்போது கொண்டுபோய்க் கொடுங்கள். நெற்றியில் பூசும் சாம்பல் அதிலிருந்துதான் வருகிறது. குப்பைத் தொட்டிக்குப் போகக்கூடாத பொருள் அது.

நாம் மிகவும் கோட்டைவிடுவது பாஸ்கா காலம். நாற்பது நாள் அழுதுவிட்டு, பிரியாணியோடு ஒரே நாளில் முடித்துவிடுகிறோம். தூய ஆவியார் பெருவிழா வரை அது 50 நாள்! ஈஸ்டர் இரவின் கண்விழிப்புத் திருப்பலியில் மந்திரித்த தீர்த்தத்தை ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுவந்து, ஞாயிறுதோறும் வீட்டில் தெளியுங்கள். மூவேளைச் செபத்துக்குப் பதில் ‘விண்ணக அரசியே’ செபத்தைச் சொல்லுங்கள். காலை 6, நண்பகல் 12, மாலை 6 என்று செல்பேசியில் அலாரம் வைத்தால் கோயில் மணி கேட்காத அடுக்குமாடி வீட்டிலும் நடக்கும்.

இந்தக் காலங்கள் போக மிச்சமுள்ள பொதுக்காலம் 33 அல்லது 34 வாரம். அந்த ஞாயிறுகளில் எந்த நற்செய்தி என்று அறிய ஆண்டை மூன்றால் வகுங்கள்: மீதி ஒன்று என்றால் மத்தேயு, இரண்டு என்றால் மாற்கு, மீதியில்லையென்றால் லூக்கா. திருவருகைக்காலம் தொடங்கியதும் அடுத்த ஆண்டின் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். சனி இரவே வாசகத்தை ஒருவர் உரக்கப் படித்துவிட்டால் மறுநாள் மறையுரை காதில் ஏறும். இந்தக் காலத்தில்தான் சென்னைக்கென்றே உள்ள நாட்களும் வருகின்றன. ஜூலை 3 தோமையார் திருநாள். இந்தியாவில் அது பெருவிழா, சாந்தோம் கல்லறைச் சிற்றாலயத்துக்குப் போக ஏற்ற நாள். ஆகஸ்ட் 29 பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். வீட்டில் ஒவ்வொருவரும் ஞானஸ்நானம் பெற்ற தேதியையும் அதே நாட்காட்டியில் எழுதி, அன்று ஞானஸ்நான மெழுகுவர்த்தியை ஏற்றுங்கள். அதைப் பரணில் படுக்கவைத்தால் மே மாத வெயிலில் வளைந்துவிடும்.

நவம்பரில் கல்லறைத் திருநாள். கீழ்ப்பாக்கத்திலும் காசிமேட்டிலும் 2-ஆம் தேதி நிற்க இடமிருக்காது, மழையும் பெய்யலாம். ஒரு வாரம் முன்பே போய்ப் புல் பிடுங்கிக் கழுவி வெள்ளையடித்தால்தான் காயும். மெழுகுவர்த்திக்குக் கண்ணாடிக் குவளை கொண்டுபோங்கள். 1 முதல் 8 வரை எந்த நாளில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தவர்களுக்காக வேண்டினாலும், பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காக ஒரு செபம் ஆகியவற்றோடு பாவத்துக்குரிய தண்டனையை முழுதும் நீக்கும் பரிபூரணப் பலனை அவர்களுக்கு ஒப்புக்கொடுக்கலாம். வயதானவர்களை 2-ஆம் தேதி நெரிசலில் இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.