எலும்பு பிடித்துவிட்டது, சரி. ஈறு?

கோத்தகிரியில் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். இம்ப்ளான்ட், அதாவது பல் போன இடத்தில் தாடை எலும்பில் திருகிவைக்கும் செயற்கை வேர், வைத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் கீழே கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ வைத்துக்கொண்டவர்கள். ஒவ்வொரு முறையும் மலை இறங்கி ஏற யாரால் முடியும், அதனால் பராமரிப்பு மட்டும் இங்கே. நாற்காலியில் உட்கார்ந்ததும் போனில் எக்ஸ்ரே படத்தைக் காட்டி எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "டாக்டரம்மா, எலும்பு நல்லாப் பிடிச்சிருச்சுங்களா?" ஈறு பிடித்ததா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, வைத்துவிடும் டாக்டர்களே பல பேர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. இம்ப்ளான்ட்டின் கதையே எலும்பில்தான் ஆரம்பித்தது. ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர் 1950களில் முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் செய்த ஒரு சின்னக் கருவியைப் பொருத்தி ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை, எலும்பு அதோடு ஒன்றிப்போயிருந்தது. 1965இல் முதல் முறையாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியத் திருகு வைத்தார். அதற்கப்புறம் பல வருஷம் எல்லோருடைய கவனமும் எலும்பு எப்படி இன்னும் சீக்கிரம், இன்னும் பலமாகப் பிடிக்கும் என்பதிலேயே இருந்தது. அந்தக் கணக்கு இன்று பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். தீராமல் இருப்பது அதற்கு மேலே இருக்கும் அந்த 3, 4 மில்லிமீட்டர் உயர ஈறு.

இயற்கைப் பல்லில் நடப்பது என்னவென்றால், வேரின் மேல் சிமென்டம் என்று ஒரு படலம் இருக்கிறது, ஈறிலிருந்து வரும் நார்கள் அதற்குள் நேராகப் புகுந்து புதைந்துகொள்கின்றன. டைட்டானியத்தின் மேல் சிமென்டம் ஏது? அதனால் நார்கள் எதிலும் புதைய வழியில்லாமல் இம்ப்ளான்ட்டின் கழுத்தை ஒட்டி மேலும் கீழுமாகவும், வளையம் போட்ட மாதிரி சுற்றியும் ஓடுகின்றன. ஈறின் உள்பக்க மெல்லிய தோல் உலோகத்தில் ஒட்டத்தான் செய்கிறது, ஆனால் பல்லில் ஒட்டும் அளவுக்குப் பலம் கிடையாது. போதாக்குறைக்கு, பல்லுக்கும் எலும்புக்கும் நடுவிலிருக்கும் தசைநார் வழியாக ஈறுக்கு வரும் ரத்தம் இங்கே இல்லை, ஏனென்றால் அந்தத் தசைநாரே இல்லை. ரத்தம் குறைந்த இடத்தில் கிருமியை எதிர்க்கும் சக்தியும் குறைவு.

தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயாவுக்கு இதையெல்லாம் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே நிறுத்தி, "புரிஞ்சுதுங்க. திருகு இறுக்கமாத்தான் இருக்கு, கேஸ்கெட்தான் சரியில்ல. ஆயில் கசியும்" என்றார். நான் அரை மணி நேரமாகச் சொன்னதை மனுஷன் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அவருக்குக் கீழ்த்தாடைக் கடைவாயில் இம்ப்ளான்ட். எக்ஸ்ரேயில் எலும்பு அருமையாக இருந்தது. ஆனால் கன்னத்தை விரலால் லேசாக இழுத்தால் இம்ப்ளான்ட்டைச் சுற்றியிருந்த சதையும் கூடவே அசைந்தது. ஈறில் இரண்டு வகை உண்டு: எலும்போடு இறுக்கமாக ஒட்டி, வெளிர் இளஞ்சிவப்பில் கெட்டியாக இருப்பது ஒன்று, கன்னத்தின் உட்புறம் போலச் சிவந்து வழவழவென்று அசைவது இன்னொன்று. இம்ப்ளான்ட்டைச் சுற்றிக் கெட்டி ஈறு குறைந்தது 2 மில்லிமீட்டர் அகலத்துக்காவது இருந்தால் நல்லது என்பார்கள். இவருக்கு அந்தப் பக்கம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பிரஷ் பட்டால் வலி, வலித்ததால் அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்கினார், துலக்காததால் அழுக்குப் படிந்து ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது, வீங்கியதால் இன்னும் வலித்தது. ஈறு நிபுணர் ஒருவர் மேல் அண்ணத்திலிருந்து ஒரு சிறு துண்டு எடுத்து அங்கே வைத்துத் தைத்தார். ஒட்டுப் போட்ட இடத்தைவிட எடுத்த இடம்தான் நோயாளியைப் படுத்தும், இதை முன்னாடியே சொல்லிவிட வேண்டும். கொதிக்கக் கொதிக்க டீ கூடாது, வர்க்கி வேண்டவே வேண்டாம் என்றேன். வர்க்கி இல்லாத டீ எதற்கு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஒட்டிய துண்டு ஆறும்போது கொஞ்சம் சுருங்கும், அதையும் கணக்கில் வைத்துத்தான் பெரிதாக எடுப்பது. இப்போது பிரஷ் வைத்தால் வலியில்லை. எனக்கு அதுதான் பெரிய வெற்றி, மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

கம்பெனிகளும் சும்மா இல்லை. இம்ப்ளான்ட்டின் கழுத்தில் லேசரால் 8 மைக்ரான் அளவில் வரிவரியாகப் பள்ளம் போடுகிறார்கள், தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். செல்கள் அந்தப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு வளர்கின்றன, நார்களும் கழுத்தை நோக்கி நேராக வந்து நிற்பதை நாயிலும் மனிதரிலும் எடுத்த திசு மாதிரிகளில் காட்டியிருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் சொரசொரப்பு செல்லுக்கு மட்டும் பிடிக்கும் விஷயமில்லை, கிருமிக்கும் பிடிக்கும். அதனால் ஈறு தொடும் பகுதியை ரொம்பச் சொரசொரப்பாக விடவும் முடியாது, அதே சமயம் 0.2 மைக்ரானுக்குக் கீழே எவ்வளவு மெருகேற்றினாலும் அழுக்குப் படிவது அதற்கு மேல் குறைவதாகத் தெரியவில்லை. அப்புறம் ஸிர்கோனியா என்ற பீங்கான் வகை. வெள்ளையாக இருப்பதால் மெல்லிய ஈறுக்கடியில் சாம்பல் நிறம் தெரியாது, அழுக்கும் குறைவாகப் பிடிக்கிறது, முன்பல்லுக்கு நான் அதைத்தான் சொல்வேன். புற ஊதாக் கதிர் காட்டுவது, பிளாஸ்மா என்ற மின்னேற்றிய வாயுவால் சுத்தம் செய்வது, லாமினின் புரதத்தின் துணுக்கைப் பூசுவது என்று ஆய்வகங்களில் இன்னும் என்னென்னவோ நடக்கின்றன. படிக்க ஆசையாக இருக்கிறது, ஆனால் அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுங்கள் என்று ஒரு தோட்டத் தொழிலாளியிடம் கேட்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

காசே ஆகாத ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் யாரும் பேசுவதில்லை. திருகுக்கும் மேலே வரும் பல்லுக்கும் நடுவில் இருக்கும் துண்டை, அதாவது அபட்மென்டை, அடிக்கடி கழற்றி மாட்டக்கூடாது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஒட்டியிருந்த மெல்லிய தோல் கிழிகிறது, உற்றுப் பார்த்தால் உள்விளிம்பில் ரத்தம் புள்ளி புள்ளியாகத் துளிர்ப்பது தெரியும். உடம்பு மறுபடி ஒட்டவைக்கும், ஆனால் கொஞ்சம் கீழே இறங்கி. ஸ்வீடனில் 1997இல் வெளியான நாய்ச் சோதனையில், பலமுறை கழற்றி மாட்டிய பக்கத்தில் ஒட்டும் இடம் கீழே இறங்கி, எலும்பும் தேய்ந்திருந்தது. அதனால்தான் இப்போது சிலர் கடைசி அபட்மென்டை முதலிலேயே மாட்டி, அப்புறம் அதைத் தொடுவதே இல்லை. அளவெடுக்க ஒரு தரம், பொருத்திப் பார்க்க ஒரு தரம், "நிறம் சரியில்லை" என்று இன்னொரு தரம் என்று கழற்றிக்கொண்டே இருக்கும் பழக்கத்தை விட்டாலே பாதி நன்மை.

பல்லை ஒட்டும் சிமென்ட்டும் அப்படித்தான். ஈறுக்கடியில் பிதுங்கி நின்றுபோன ஒரு துணுக்கு போதும், வருஷக்கணக்கில் உறுத்தி சீழ் கட்ட வைத்துவிடும். முடிந்தவரை திருகி மாட்டும் பல்லையே கேளுங்கள்.

இனி உங்கள் பங்கு. குளிருக்கு இதமாக இருக்கிறது என்று பீடி, சிகரெட் பிடித்தால் இருக்கிற கொஞ்ச ரத்த ஓட்டமும் சுருங்கும். சர்க்கரை ஏறியிருந்தால் ஈறு ஆறாது. மார்கழி தை மாதத்தில் உறைபனி விழும் காலைகளில் குழாய்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் பாதிப் பேர் பேருக்குத் துலக்கிவிட்டு ஓடுகிறார்கள், ஒரு டம்ளர் வெந்நீர் கலந்துகொள்ளுங்களேன். பல்லிடுக்கு பிரஷ் இங்கே கடைகளில் சட்டென்று கிடைப்பதில்லை, கீழே போகும்போது மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். துலக்கும்போது ரத்தம் வந்தால் பயந்துபோய் துலக்குவதை நிறுத்தாமல் உடனே வந்து காட்டுங்கள். ஈறு மட்டும் வீங்கியிருக்கும் கட்டத்தில் சுத்தம் செய்தால் பழையபடி ஆகிவிடும், எலும்பு கரைய ஆரம்பித்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

வரும்போது இம்ப்ளான்ட் வைத்தவர்கள் கொடுத்த அட்டையை எடுத்து வாருங்கள், கொடுக்கவில்லை என்றால் போன் போட்டுக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று அதில் ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொரு கம்பெனித் திருகுக்கும் ஒவ்வொரு ஸ்க்ரூ டிரைவர், உள்ளே சுத்தம் செய்ய வேண்டிய கட்டாயம் வந்து, எது பொருந்தும் என்று தெரியாமல் நான் டப்பா முழுவதையும் மேஜையில் கொட்டித் தேடிக்கொண்டிருந்தால் உங்களுக்குத்தான் வாய் வலிக்கும்.