இறக்கையில் ஒரு கறுப்புப் புள்ளி

சம்பா பருவத்தில் திருவையாறு, ஒரத்தநாடு பகுதிகளில் அந்தி விளக்கைச் சுற்றும் சிறிய மஞ்சள் அந்துப்பூச்சியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஆனால் நெல் தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சி என்று நாம் திட்டித் தீர்ப்பது அதன் புழுவைத்தான் என்பதால், தாய்ப்பூச்சியின் உருவத்தை நின்று கவனிப்பவர்கள் குறைவு. பெண்பூச்சியின் முன்னிறக்கை ஒவ்வொன்றின் நடுவிலும், குழந்தையின் கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டைப் போல, ஒரே ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். வயிற்றின் நுனியில் வெளிர்பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும். ஆணோ சிறியது, பழுப்பேறியது, நடுப்புள்ளி மங்கியது. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே இனம் என்று நம்ப மனம் வராது.

இதே போன்ற புள்ளியோடு வட அமெரிக்காவிலும் ஓர் அந்துப்பூச்சி நெல்லைக் கெடுக்கிறது. மெக்சிகன் நெல் துளைப்பான் எனப்படும் எயோரியூமா லாஃப்டினி, மெக்சிகோவிலிருந்து பரவி, 1980இல் டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடிக் கரும்பு வயல்களில் கண்டறியப்பட்டது. பிறகு அம்மாநில நெல் வயல்களுக்கும், 2008இல் லூசியானாவுக்கும் சென்று சேர்ந்தது. காய்ந்த வைக்கோலின் நிறம், முன்னிறக்கையின் நடுவே சிறு கறுப்புப் புள்ளி, தலைக்கு முன்னே மூக்குப் போல நீண்ட வாயுறுப்பு: இவையே அதன் அடையாளம். அங்கும் இளம்பயிரில் நடுக்குருத்து காய்கிறது, கதிர் வெளிவரும் தறுவாயில் மணி பிடிக்காத வெண்கதிர் தோன்றுகிறது.

முட்டையிடும் இடத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. அமெரிக்கப் பூச்சி காய்ந்த இலைகளின் மடிப்புக்குள் முட்டையை ஒளித்துவிடுகிறது. நம் பூச்சி பச்சை இலையின் நுனிப்பக்கம் குவியலாக இட்டு, வயிற்று மயிரை உதிர்த்து மூடிவிடுகிறது. சற்றுக் குனிந்து பார்த்தால் இலைமேல் ஒட்டிய பழுப்புப் பஞ்சுத் துணுக்காக அது கண்ணுக்குத் தெரியும். இது நமக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு என்றே நான் கருதுகிறேன். நாற்றைப் பறித்து முடி கட்டும்போது நுனியைக் கிள்ளிவிட்டு நடும் வழக்கம் இதனால்தான் பயன் தருகிறது. பாய் நாற்றங்காலும் இயந்திர நடவும் வந்த பிறகு எங்கள் பக்கம் அது மறைந்துவருவது எனக்கு வருத்தமே.

சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல் தென்பட்டாலே நடவடிக்கை தேவை. டிரைக்கோகிரம்மா ஜப்பானிகம் என்னும் முட்டை ஒட்டுண்ணியை நட்ட 30ஆம், 37ஆம் நாட்களில் வயலில் விடுவது, புழு தண்டுக்குள் நுழையுமுன் முட்டையிலேயே அதை அழித்துவிடும். வெண்கதிர் கண்ணில் பட்ட பின் மருந்து தெளிப்பது வீண் செலவு. அந்தக் கதிரில் இனி மணி பிடிக்காது.