ஒரே சுவரில் இரண்டு கடிகாரங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பதினான்கு வருடம் காலம் தள்ளிய பிறகு, 2012-இல் ஹெய்ட்டியில் ஒரு தையல் ஆலைக்கு உற்பத்தி மேலாளராகப் போனேன். அந்த நாடு எங்கே இருக்கிறது என்பதை டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் வரைபடத்தில் தேடினேன். கரீபியன் கடலில் ஹிஸ்பானியோலா என்றொரு தீவு. மேற்கே மூன்றில் ஒரு பங்கு ஹெய்ட்டி. மீதி டொமினிக்கன் குடியரசு. எங்கள் ஆலை ஹெய்ட்டியின் வனமெண்ட் ஊரில், ஆற்றை ஒட்டி இருந்தது. பாலத்தைத் தாண்டினால் டஹபோன், அது டொமினிக்கன் ஊர். முதலாளி, கணக்குப்பிள்ளை, மெக்கானிக், லாரி எல்லாம் அந்தக் கரையிலிருந்து வரும். தைக்கும் கைகள் இந்தக் கரை. அன்று ஹெய்ட்டியில் தைத்த துணி அமெரிக்காவுக்குள் வரியில்லாமல் போனது, கூலியும் குறைவு. ஆலை அங்கே முளைத்ததற்கு வேறு ரகசியம் எதுவும் இல்லை.

எனக்கு வீடு டஹபோனில். தினமும் காலையில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு நடந்து வேலைக்குப் போவேன். பெருமாநல்லூரிலிருந்து அவிநாசிக்குப் போவதைவிடச் சுலபம்.

முதலில் என் கண்ணில் பட்டது தையல் கூடத்துச் சுவரில் இருந்த இரண்டு கடிகாரங்கள். கோடையில் இரண்டும் ஒரே மணி காட்டும். நவம்பர் வந்தால் ஹெய்ட்டி தன் முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடும். டொமினிக்கன் பக்கம் அசையாது. ஆலையோ லாரிக்காரர்களின் வசதிக்காக டொமினிக்கன் நேரப்படி நடந்தது. அதனால் குளிர்காலத்தில் ஏழு மணி ஷிப்ட் என்றால் ஆபரேட்டர் பெண்களுக்கு அது விடியற்காலை ஆறு. இருட்டில் நடந்து வருவார்கள். "எங்கள் நாட்டில் உட்கார்ந்துகொண்டு எங்களிடமே ஒரு மணி நேரத்தைத் திருடுகிறார்கள்" என்று ஒரு லைன் லீடர் அம்மா ஹெய்ட்டி மொழியான கிரியோலில் சொன்னதை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்ன டொமினிக்கன் சூப்பர்வைசர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்ததை அந்த அம்மாவும் பார்த்தார்.

என் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் நல்ல கறுப்பு. ஹெய்ட்டியில் என்னைப் 'பிளான்' என்று கூப்பிட்டார்கள். சொல்லுக்கு நேர்ப்பொருள் வெள்ளை; அங்கே வெளிநாட்டுக்காரர் யாராயிருந்தாலும் பிளான்தான். பாலத்தைத் தாண்டினால் நான் 'இந்து'. அவர்களுக்கு இந்தியாக்காரர் எல்லோரும் இந்து. இதில் வேடிக்கை என்னவென்றால், டொமினிக்கன் மக்கள் தங்கள் மாநிறத்தை 'இந்தியோ' என்று சொல்லிக்கொள்வார்கள். வெளிர் இந்தியோ, அடர் இந்தியோ என்று அடையாள அட்டையிலேயே நிறம் குறிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஆப்பிரிக்க வம்சம் என்று சொல்வதற்குப் பதில், கொலம்பஸ் காலத்தோடு அழிந்துபோன பழங்குடிகளின் பெயரை எடுத்துப் போர்த்திக்கொண்ட சொல் அது. கறுப்பு என்றால் அது ஹெய்ட்டிக்காரன். என் பக்கத்தில் நிற்பவர் என்னைவிட ஒரு பிடி கறுப்பாக இருந்துகொண்டு தன்னை இந்தியோ என்பார்; உண்மையான இந்தியன் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

திங்களும் வெள்ளியும் எனக்குத் தலைவலி நாட்கள். அந்த இரண்டு நாளும் டஹபோனில் சந்தை. எல்லைக் கதவைத் திறந்து விடுவார்கள், காகிதம் கேட்க மாட்டார்கள். ஹெய்ட்டியப் பெண்கள் மூட்டைகளோடு வெள்ளமாகப் பாலத்தில் ஓடுவார்கள். நல்ல இடம் பிடிக்க வேண்டுமே. மூட்டையில் பெரும்பாலும் 'பெபே', அமெரிக்கர்கள் உடுத்திக் கழித்த துணி. திரும்பும்போது முட்டை, வாழைக்காய், மாவு. என் லைன்களில் அன்று பத்துப் பேர் குறைவார்கள். 2013 ஜூனில், பறவைக் காய்ச்சல் என்று சொல்லி டொமினிக்கன் கோழியையும் முட்டையையும் ஹெய்ட்டி தடை செய்தது. அக்கரை அரசு அதை மறுத்தது. கேன்டீனில் முட்டை நின்றது. ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் நாடு பிரிந்து இரண்டு மேசையில் உட்கார்ந்ததை அப்போதுதான் முதலில் பார்த்தேன்.

நான் சொல்ல வந்தது எங்கள் மெக்கானிக்கைப் பற்றி.

முப்பது வயது இருக்கும். ஓவர்லாக் மெஷினில் தையல் விட்டுப் போனால் மற்ற மெக்கானிக்குகள் ஊசியை மாற்றுவார்கள், நூலை மாற்றுவார்கள், கடைசியில் ஆபரேட்டரைத் திட்டுவார்கள். இவர் மெஷினை வெறுமே ஓடவிட்டு, மூடியில் காதை வைத்துக் கேட்பார். பிறகு நூலைப் பின்னும் லூப்பரைக் கழற்றி, நகத்தால் அதன் முனையைத் தடவிப் பார்த்து, எண்ணெய்க்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து மாட்டுவார். முடிந்தது. திருப்பூரில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரியின் காது அப்படிப்பட்டது.

அவர் பிறந்தது டொமினிக்கன் கரும்புத் தோட்டத்தில். தோட்டத் தொழிலாளர் லயனுக்கு அங்கே 'பதேய்' என்று பெயர். 1952-லும் 1966-லும் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு, ஹெய்ட்டியிலிருந்து கரும்பு வெட்ட ஆட்களைத் தலைக்கணக்கில் கொண்டுவந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று ஹெய்ட்டி அரசுக்கும் பணம் போனது. அப்படி வந்து வெட்டியவர் இவருடைய அப்பா. கையில் இருந்த ஒரே காகிதம் ஆலை கொடுத்த கூலி அட்டை. அந்த அட்டையைக் காட்டித்தான் மகன் பிறப்பைப் பதிவு செய்தார், அதிகாரியும் பதிந்துகொண்டார். அன்றைய அரசியல் சட்டப்படி அந்த மண்ணில் பிறந்தவர் அந்நாட்டுக் குடிமகன். தூதர்களின் பிள்ளைகளுக்கும் 'வழியில் தங்கிச் செல்பவர்களின்' பிள்ளைகளுக்கும் மட்டுமே விலக்கு.

இவர் பேசும் ஸ்பானிஷ் அக்கரை ஸ்பானிஷ். பேஸ்பால் பைத்தியம். கிரியோல் அரைகுறை. ஆபரேட்டர் பெண்கள் இவரை 'டொமினிக்கன்' என்றுதான் சொல்வார்கள், கொஞ்சம் ஒதுக்கித்தான் வைப்பார்கள். பாலத்துக் காவலர்களோ 'ஹெய்ட்டிக்காரன்' என்பார்கள். முகம் பழகியிருந்ததால் ஆலை பாஸைக் காட்டி வந்து போய்க்கொண்டிருந்தார்.

ஒருநாள் மதியம் பேக்கிங் சூப்பர்வைசர் ஒருவர் விளையாட்டாக என்னிடம், "பெரெஹில் என்று சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார். சொன்னேன். நம் நாக்குக்கு 'ர' ஒரு பெரிய விஷயமா? "பரவாயில்லை, பிழைத்துக்கொள்வீர்கள்" என்று சிரித்தார். பக்கத்து மேசையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. பெரெஹில் என்றால் கொத்தமல்லி மாதிரி ஒரு தழை. மெக்கானிக்தான் அன்று மாலை விளக்கினார். 1937 அக்டோபரில் டொமினிக்கன் சர்வாதிகாரி ட்ருஹியோவின் உத்தரவில் எல்லைப்புறத்தில் ஹெய்ட்டியர்களை வெட்டிக் கொன்றார்கள். எத்தனை பேர் என்று இன்றுவரை ஒத்த கணக்கில்லை, பல ஆயிரம். அந்தத் தழையைக் காட்டி இதன் பெயர் என்ன என்று கேட்பார்களாம். 'ர' உருளாதவன் செத்தான். நஷ்ட ஈடு ஏழரை லட்சம் டாலர் என்று பேசி, ஐந்தேகால் லட்சமாகக் குறைத்து முடித்தார்கள். நான் தினமும் தாண்டிய ஆற்றுக்கு 'மசாக்கர்', அதாவது படுகொலை ஆறு என்று பெயர். அந்தப் பெயர் 1937-க்கும் முந்தையது, ஸ்பெயின்காரரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்ட காலத்தது. ஆறு தன் பெயரோடு இருநூறு வருடம் காத்திருந்தது போலத்தான்.

டொமினிக்கன் நண்பர்களிடமும் கதை இருந்தது. அவர்கள் விடுதலை நாள் ஸ்பெயினிடமிருந்து பெற்றதற்கானது அல்ல. 22 வருட ஹெய்ட்டிய ஆட்சியிலிருந்து 1844-இல் பிரிந்ததற்கானது. பள்ளிப் புத்தகத்தில் அதைப் படித்துத்தான் வளர்கிறார்கள். "எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு யாரால் நிரம்பியிருக்கிறது, போய்ப் பாருங்கள்" என்பார் அதே பேக்கிங் சூப்பர்வைசர். ஏழை நாடு இன்னோர் ஏழை நாட்டை எவ்வளவு சுமக்கும் என்ற கேள்வியில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது முதலில் ஓடிப்போய் உதவியவர்கள் அவர்கள்தாம். ஆனால் அந்தச் சூப்பர்வைசருடைய தம்பியே ஓட்டைப் படகில் அமெரிக்காவுக்குச் சொந்தமான புவேர்ட்டோ ரிக்கோவுக்குத் திருட்டுத்தனமாகப் போய், அங்கிருந்து பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். நானும் யோக்கியன் இல்லை. திருப்பூரில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்களை வருடக்கணக்காக ஒரே சொல்லில் 'வடக்கத்தியான்' என்று முடித்தவன்.

2007-லிருந்தே டொமினிக்கன் பதிவு அலுவலகங்களில் மெக்கானிக்கைப் போன்றவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் நகல் தருவதை நிறுத்திவைத்திருந்தார்கள். நகல் இல்லாமல் அடையாள அட்டையைப் புதுப்பிக்க முடியாது. அட்டை இல்லாமல் கல்யாணப் பதிவு, வங்கிக் கணக்கு, சிம் கார்டு எதுவும் இல்லை. 2013 செப்டம்பர் 23 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் 168-13 என்ற தீர்ப்பைக் கொடுத்தது. முறையான குடியேற்றம் இல்லாத பெற்றோருக்குப் பிறந்தவர்கள் குடிமக்கள் அல்லர். அவர்களும் 'வழியில் இருந்தவர்களின்' பிள்ளைகளே. இது 1929 முதல் பிறந்த எல்லோருக்கும் பொருந்தும். அப்பா முப்பது வருடம் ஒரே பதேயில் கரும்பு வெட்டினார். முப்பது வருடம் ஒருவர் எந்த வழியில் நின்றுகொண்டிருந்தார் என்று நீதிமன்றத்தைக் கேட்க ஆளில்லை. மெக்கானிக் செய்தித்தாளை மடித்து மெஷின் அடியில் எண்ணெய் ஒழுகாமல் விரித்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

2014 பிப்ரவரியில் புது பிளாட்லாக் மெஷின்களுக்கு டொமினிக்கன் நகரமான சாந்தியாகோவில் நான்கு நாள் பயிற்சி. ஒரு மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். இவர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான். மனிதவளப் பிரிவு தயங்கியது. "என்னுடன்தானே வருகிறார்" என்றேன்.

டஹபோனிலிருந்து சாந்தியாகோ போகும் சாலையில் ராணுவச் சாவடிகள் வரிசையாக உண்டு. மூன்றாவது சாவடியில் பஸ் நின்றது. பச்சை உடுப்பில் ஒரு பையன் ஏறினான். இருபது வயதுகூட இருக்காது. எல்லோரிடமும் காகிதம் கேட்கவில்லை. முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்து, என்னிடம் நின்றான். பாஸ்போர்ட்டை எடுத்தேன். "ஆ, இந்து" என்று புன்னகையோடு திருப்பிக் கொடுத்தான். அடுத்த இருக்கை மெக்கானிக். காலாவதியான அட்டை, பிறப்புச் சான்றிதழின் பழைய நகல், ஆலைக் கடிதம் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். பையன் உறையைத் திறக்கவே இல்லை. "இறங்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான், "இவர் எங்கள் மெக்கானிக்" என்று என் ஓட்டை ஸ்பானிஷில் சொன்னேன். "அதிகாரியிடம் சொல்லுங்கள், கீழே இருக்கிறார்" என்றான் பையன். டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை. அன்று மதியம் இரண்டு மணிக்குப் பயிற்சி தொடக்கம், வியாழக்கிழமை ஏற்றுமதி. இவையெல்லாம் என் மனதில் ஓடின. நான் இறங்கவில்லை. பஸ் கிளம்பியபோது ஜன்னல் வழியே அவருடைய கருவிப்பையை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். அன்று நான் செய்த உதவி அவ்வளவுதான்.

சாந்தியாகோ போய் இறங்கியதும் ஆலைக்குப் போன் செய்தேன். நிர்வாகம் 'பார்க்கிறோம்' என்றது. பயிற்சியில் எனக்கு ஒன்றும் ஏறவில்லை, மறுநாளே திரும்பிவிட்டேன்.

நடந்தது இதுதான். அன்று மாலையே மற்றவர்களோடு லாரியில் ஏற்றி, டஹபோன் பாலத்துக்குக் கொண்டுவந்து, ஹெய்ட்டிப் பக்கம் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். 'சொந்த நாட்டுக்கு' அனுப்பினார்களாம். அந்த நாட்டில் அவருக்குத் தெரிந்த இடம் எங்கள் ஆலை ஒன்றுதான். இரவு எங்கே போவது என்று தெரியாமல் ஆலை வாசலுக்கு வந்திருக்கிறார். ஒரு மணி நேரத்தைத் திருடுகிறார்கள் என்று சொன்ன அதே லைன் லீடர் அம்மா ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவர், கூட்டிக்கொண்டு போய்ச் சோறும் பாயும் கொடுத்திருக்கிறார். விடியற்காலை இருட்டில் அவர் பின்னாலேயே நடந்து வேலைக்கு வந்துவிட்டார்.

நான் போய் நின்றபோது ஏதோ ஒரு மெஷினின் மூடியில் காதை வைத்திருந்தார். நிமிர்ந்து சுவரைக் காட்டினார். "ஹெஃபே (தலைவரே), இன்றைக்கு நான் ஆறு மணிக்கு வேலைக்கு வந்தேன்" என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். லூப்பரைக் கையில் கொடுத்து, "முனையைப் பிடித்துப் பாருங்கள், மழுங்கியிருக்கிறது" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சந்தை. அந்த அம்மாவின் மகள் பெபே விற்பவள். ஒரு மூட்டையை இவர் தலையில் ஏற்றினார்கள். நான் எங்கள் ஆலைப் பாலத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் கூட்டத்தின் நடுவே ஒரு சுமைதூக்கியாகத் தன் நாட்டுக்குள் போனார். காவலர் மூட்டையைக் குத்திப் பார்த்தார். சுமந்தவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மே மாதம் 169-14 என்று ஒரு சட்டம் வந்தது. பிறப்பு பதிவானவர்கள் ஒரு குழு, பதிவாகாதவர்கள் இன்னொரு குழு. இவர் முதல் குழு. பல நடை நடந்து அடுத்த வருடம் அட்டை வாங்கினார். தங்கை பிறந்தபோது அதிகாரி கூலி அட்டையை ஏற்கவில்லை. அதனால் அவள் இரண்டாம் குழு. முதலில் வெளிநாட்டுக்காரி என்று பதிந்துகொண்டு, பிறகு குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும். "பிறந்த ஊரில் என்னை வெளிநாட்டுக்காரி என்று நானே எழுதித் தரவா?" என்று மறுத்துவிட்டாள். நாடு முழுக்க அந்தக் குழுவில் மனுக் கொடுத்தவர்களே 8,755 பேர்தான்.

நான் 2016-இல் ஊர் திரும்பினேன். 2023 செப்டம்பரில், ஹெய்ட்டியர்கள் அதே ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டுகிறார்கள் என்பதற்காக டொமினிக்கன் அதிபர் அபினாதெர் எல்லை முழுவதையும் மூடினார். மெக்கானிக்கிடமிருந்து ஒரு படம் வந்தது: வெறிச்சோடிய சந்தை, சாத்திய கதவு. கீழே ஒரு கேள்வி: "ஹெஃபே, உங்கள் ஊரில் ஓவர்லாக் மெக்கானிக்குக்கு என்ன சம்பளம்?"

சொன்னேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: "அங்கே வர என்னென்ன காகிதம் வேண்டும்?"