சர்க்கரை நோய் இல்லாதவருக்கு இன்சுலின்: நாட்குறிப்பு

மார்ச் 3

சர்க்கரை நோய் இல்லாதவருக்கு ரத்தச் சர்க்கரை 80 மி.கி. அளவுக்கு இறங்கும்போதே கணையம் இன்சுலின் சுரப்பைக் குறைத்துவிடும். 65–70ஐத் தொட்டால் சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்களான குளுக்ககானும் அட்ரினலினும் எழும். 55 அளவில் வியர்வை, நடுக்கம், பசி. ஊசியில் ஏற்றிய இன்சுலின் முன்னால் முதல் காப்பு பயனற்றது. தோலுக்கடியில் சேர்ந்த மருந்தைக் கணையம் திரும்ப எடுக்காது.

அட்ரினலின் காப்பாற்றுமே என்றால், அதுவும் தேயும். 1991இல் ஹெல்லரும் கிரையரும் நோய் இல்லாதவர்களிடமே சோதித்துக் காட்டினார்கள்: ஒரே ஒரு முறை சர்க்கரை தாழ்ந்தாலே அடுத்த தாழ்வில் அட்ரினலினும் அறிகுறிகளும் மங்குகின்றன. நீண்டகாலம் போடுவதில் எங்களுக்கு முதல் கவலை இதுதான்.

மார்ச் 5

டிபிடி-1, 2002: இன்சுலின் போட்டு டைப் 1 சர்க்கரை நோயைத் தடுக்க முடியுமா என்று பார்த்த ஆய்வு. டைப் 1 நோயாளிகளின் உறவினர்களில், அந்நோய் வரும் அபாயம் மிகுந்தவர்கள் 339 பேர். ஒரு பாதிக்கு எடையில் கிலோவுக்கு 0.25 யூனிட் இன்சுலின், நாளுக்கு இரண்டு வேளையாகப் பிரித்து. ஆண்டுக்கொரு முறை 4 நாள் நரம்பு வழியாகவும். நோய் வந்தவர்கள் அந்தப் பக்கம் 69, போடாத பக்கம் 70. தடுக்கவில்லை.

மார்ச் 9

ஆரிஜின் ஆய்வு, 2012. 12,537 பேர், சுமார் 6 ஆண்டு; ஒரு பாதிக்கு கிளார்ஜின் என்ற, நாள் முழுதும் வேலை செய்யும் இன்சுலின். மாரடைப்பும் புற்றுநோயும் கூடவில்லை என்பதால் “இன்சுலின் யாருக்கும் பாதுகாப்பானது” என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. சேரும்போது நோய் இல்லாதவர்கள் 1,456 பேர்தான். அவர்களும் சர்க்கரை சற்றே ஏறியவர்கள். முழு ஆய்வையும் எடுத்தால் கடுமையான தாழ்சர்க்கரை 100 பேருக்கு ஆண்டுக்கு 1.00, கிளார்ஜின் போடாத குழுவில் 0.31. எடை 1.6 கிலோ கூடியது; எதிர்க்குழுவில் அரை கிலோ குறைந்தது. ஊசியை நிறுத்தி 3 மாதம் கழித்துப் பார்த்தபோது, அந்த 1,456 பேரில் நோய் கண்டவர்கள் 30%, போடாதவர்களில் 35%. இந்தச் சிறு லாபத்துக்காக மெலிந்த, ஆரோக்கியமான ஒருவருக்கு இன்சுலின் தொடங்க இந்த ஆய்வு இடம் தரவில்லை.

மார்ச் 12

தசையை வளர்க்க இன்சுலின் போடுபவர்களிடம் இந்த ஆய்வுகளில் இருந்தது போன்ற கண்காணிப்பு எதுவும் கிடையாது. இந்தியாவில் மி.லி.க்கு 40 யூனிட் உள்ள வயலும் 100 யூனிட் உள்ள கார்ட்ரிட்ஜும் இரண்டும் விற்கின்றன. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் மருந்துக்கான சிரிஞ்சில் “10” கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட்.

மயங்கிக் கிடப்பவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவமனையில் 25% டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. நரம்பில் ஏற்றினால் 25 கிராம் குளுக்கோஸ் கிடைக்கும். முடிந்தால் ஏற்றுமுன் ரத்தம் எடுத்து வைக்கவும். ஆனால் அதற்காகத் தாமதிக்க வேண்டாம். ரத்தத்தில் இன்சுலின் கூடி, கணையம் தன் இன்சுலினோடு சேர்த்து வெளியிடும் சி-பெப்டைடு குறைந்திருந்தால் வெளியிலிருந்து போட்டது என்று அறியலாம். சில ஆய்வக முறைகள் புதுவகை இன்சுலின்களைக் காட்டுவதில்லை. எனவே எந்த இன்சுலின் என்பதைக் கேட்டு எழுதி அனுப்பவும். கிளார்ஜின் என்றால் ஒரு நாளாவது படுக்கையில் வைத்து, சர்க்கரையை மணிக்கொரு முறை பார்க்கவும். விழித்துப் பேசுகிறார் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால் டெக்ஸ்ட்ரோஸ் தீர்ந்ததும் சர்க்கரை மறுபடி விழும்.