கொஞ்சம் முன்னே போ, தம்பி

"கொஞ்சம் முன்னே போ, தம்பி" என்றுதான் சொன்னேன். "ஒட்டிப் போ" என்று சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளாக என் பக்கத்து நியாயத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆனால் பாரம் ஏற்றிய லாரியை ஓட்டிப் பழகும் ஒருவனுக்கு, பக்கத்து இருக்கையிலிருந்து பயிற்சியாளர் சொன்னால் இரண்டும் ஒன்றாகத்தான் காதில் விழும். அதுவும் எனக்குத் தெரியும்.

காலையில் அவன் ஒரு கேள்வி கேட்டிருந்தான். "சார், நான் இடைவெளி விட்டால் அதில் ஒரு கார் நுழைகிறது. அதற்கும் இடம் விட்டால் இன்னொன்று. இப்படியே விட்டுக்கொண்டிருந்தால் எப்போது போய்ச் சேர்வது?" ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்பதுதான். பதில் என் நாக்கு நுனியிலேயே இருக்கும். நுழைந்த காரை விட்டுவிட்டு மறுபடி பழைய இடைவெளிக்கு வர நமக்கு ஆகும் இழப்பு அதிகம் போனால் நான்கு நொடி. 15 கார்கள் நுழைந்தால் ஒரு நிமிடம். "ஒரு நிமிடம் பிந்தியதற்காக எவரும் உன்னை வேலையிலிருந்து எடுக்கப்போவதில்லை" என்று சொல்லிச் சிரித்தேன்.

எண்ணியும் காட்டினேன். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று" என்று தொடங்க வேண்டும். நாம் அந்தக் கம்பத்துக்கு வருமுன் "ஆயிரத்து நான்கு" முடிந்திருக்க வேண்டும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் நொடிக்குச் சரியாக 20 மீட்டர். கணக்குக்கு வசதி என்று எப்போதும் அந்த வேகத்தையே எடுத்துக்கொள்வேன். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒன்றரை நொடி ஓடிவிடும், அது 30 மீட்டர். மிதித்த பிறகும் ஏர் பிரேக்கில் காற்று குழாய் வழியே போய்ச் சக்கரத்தைப் பிடிக்க ஏறக்குறைய அரை நொடி வேண்டும், அது இன்னொரு 10 மீட்டர். வேகம் குறையத் தொடங்கு முன்பே 40 மீட்டர் போயிற்று. காருக்கு அந்தக் கடைசி 10 மீட்டர்த் தொல்லை கிடையாது. அதனால் கார்க்காரர் கண்ணுக்கு நம் முன்னால் இருப்பது யாருக்கும் பயன்படாத காலி இடம். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. (விடுமுறை நாளில் என் காரை எடுத்துக்கொண்டு போகும்போது நானே லாரிகளுக்கு முன்னால் அப்படி நுழைந்திருக்கிறேன். அதை வகுப்பில் சொல்வதில்லை.)

திரும்பி வரும்போது நேரமாகிவிட்டது. அடுத்த குழு அதே வண்டிக்காகக் காத்திருந்தது. காலையில் நான் சொன்னதை அவன் எழுத்துக்கு எழுத்து செய்துகொண்டிருந்தான். ஒரு கார் நுழையும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பான். உதடு மட்டும் அசையும். ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு. பிறகு இன்னொரு கார். மூன்றாவதோ நான்காவதோ நுழைந்தபோது என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

அவன் என் பக்கம் திரும்பினான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். லாரி முன்னே போனது. அவன் உதடு அசைவது நின்றுவிட்டதைக் கவனித்தேன். கவனித்தும் சும்மா இருந்தேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

முன்னால் போன கார் எதற்காகப் பிரேக் போட்டது என்று இன்றுவரை தெரியாது. எங்கள் கேபின் முன்பக்கமாகக் குனிந்து நிமிர்ந்தது. மடியில் இருந்த மதிப்பீட்டு அட்டை காலடியில் போய் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடியின் அடி விளிம்பில் காரின் கூரை மட்டும் ஒரு கோடுபோலத் தெரிந்தது. உயரமான லாரியின் முகப்புக்கு முன்னால், தரையை ஒட்டிச் சில மீட்டர் தூரம் ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியாது என்று பலகையில் படம் போட்டு விளக்குகிறவன் நான். அந்தப் படத்துக்குள் ஒரு கார் நிற்கிறது, இடித்தோமா இல்லையா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. சத்தம் எதுவும் கேட்கவில்லைதான். ஆனால் என் காதை நான் நம்பவில்லை. அந்தக் கூரை மெல்ல நகர்ந்து, பின் கண்ணாடி தெரிந்து, நம்பர் பலகை வளையாமல் முழுதாகத் தெரிந்த பிறகே மூச்சு விட்டேன். கார்க்காரர் ஒன்றும் அறியாமல் போய்விட்டார்.

பயிற்சி வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அன்று இரண்டு பேருமே மிதித்தோம். யார் முந்தியது? நான்தான் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், என் கால் போனபோதே அந்தப் பெடல் கீழே இறங்கியிருந்ததுபோல இருக்கிறது. என் பெடலும் அவனுடையதும் இணைந்தவை. அவன் மிதித்தால் என்னுடையதும் இறங்கும்.

"என் தவறா சார்?" என்று கேட்டான்.

"ஸ்டீயரிங் உன் கையில்தானே இருந்தது?" என்றேன்.

சொன்னதில் பொய் இல்லை. முதலாளி அவசரப்படுத்தினாலும், பக்கத்தில் இருப்பவர் நச்சரித்தாலும், சரக்குக்காரர் போன் மேல் போன் போட்டாலும் இடைவெளி உன் பொறுப்பு என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். அவனைச் சோதிக்கத்தான் முன்னே போகச் சொன்னேனோ என்றுகூட ஒரு நாள் நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பு சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை.

அட்டையைக் குனிந்து எடுத்து, "முன் வண்டியுடன் இடைவெளி போதாது" என்ற இடத்தில் குறியிட்டேன். கீழே பயிற்சியாளர் குறிப்புக்கு நான்கு வரி இடம் இருந்தது. நான் எழுதவில்லை. அவனுக்குப் பயிற்சி இன்னும் ஒரு வாரம் நீண்டது. குறியிடாமல் விட்டிருந்தால் தவறு செய்தவனைச் சாலைக்கு அனுப்பியதாக ஆகியிருக்கும் அல்லவா? ஆகியிருக்கும். அந்த நான்கு வரியில் ஒரு வரியை நிரப்பியிருந்தால் குறி அழிந்தா போயிருக்கும்? போயிருக்காது. இரண்டையும் சேர்த்து எழுதத் தோன்றாமல் இல்லை. தோன்றியது, பேனாவை மூடிவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து அவனே போன் செய்தான். தேர்ச்சி பெற்று, நெடுந்தூர வண்டியில் சேர்ந்துவிட்டானாம். "அன்றைக்கு நீங்கள் குறித்தது நல்லதாகப் போயிற்று சார். இப்போதெல்லாம் யார் அவசரப்படுத்தினாலும் காதில் வாங்குவதில்லை" என்றான். குத்திக்காட்டுகிறானா என்று குரலைக் கூர்ந்து கேட்டேன். அப்படி எதுவும் இல்லை, உண்மையான மகிழ்ச்சிதான்.

"பார்த்துப் போ, தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.